பக்கத்தில் வந்து நிற்பவர்

எங்கள் கோஷ்டியில் அவர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை என்று நாங்கள் எல்லோருமே ஒரு தடவையாவது நினைத்திருப்போம்.

பாடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருத்தி சுருதியை விட்டு இம்மி விலகினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். பாட்டை நிறுத்தமாட்டார். முகம் சுளிக்கமாட்டார். விரலால் தொடையில் தாளத்தைத் தட்டிக்கொண்டே வரிசைக்குப் பின்னால் நடந்து வருவார். முதுகுப் பக்கம் அவருடைய கஞ்சி போட்ட சேலை சரசரக்கும். அந்தச் சத்தம் யாரைத் தேடி வருகிறது என்று தெரியாமல் அத்தனை பேரும் நிமிர்ந்து நின்று சுருதியைத் தேடுவோம். நம்மைத் தாண்டிப் போய்விட்டால், மாட்டிக்கொண்டவளுக்காக வருத்தப்படக்கூடத் தோன்றாது. அப்பாடா என்றுதான் இருக்கும். போய் நிற்கவேண்டியவள் பக்கத்தில் நின்று, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சரியான சுருதியில் பாடுவார். அவள் சேர்ந்துகொண்டதும் வந்த வழியே தன் இடத்துக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு பேச்சும் அவரிடம் இருக்காது. எங்களுக்குத்தான் வாரம் முழுக்க அதே பேச்சு.

என் வீட்டுக்காரர் ஓசூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வளைந்துபோன சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி நேராக்குவதைக் கோட்டம் எடுப்பது என்பார்கள் அந்தத் தொழிலில். "இன்னிக்கு யாருக்குக் கோட்டம் எடுத்தாங்க?" என்று நான் வாசல்படி ஏறும்போதே கேட்பார். வாய் சும்மா இருக்காமல் நான் அதைக் கோஷ்டியில் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எல்லோர் வாயிலும் அது கோட்டம்தான்.

பக்கத்தில் வந்து நிற்கிற அவரை நாங்கள் அக்கா என்போம். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரின் மனைவி. நாற்பது வயதிருக்கும். ஒல்லி, உயரம், ஒற்றைக்கல் மூக்குத்தி. காய்கறிக்காரியிடம் தமிழில் பேரம் பேசுவார். தாளத்தைக் கன்னடத்தில் எண்ணுவார். பாலைப் பூனை குடித்துவிட்டால் தெலுங்கில் திட்டுவார். வீட்டில் பேசுகிற பாஷை எது என்று எங்களில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது. மொழிவாரியாக மாநிலம் பிரிக்கப் போகிறார்கள், ஓசூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்த சமயம் அது. அந்தச் சூடு எங்களிடமும் வந்தது. தெலுங்குக் கீர்த்தனை எத்தனை, கன்னடம் எத்தனை, தமிழ் எத்தனை என்று ஆளாளுக்கு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தோம். ஒருநாள் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்.

"நீங்க எந்தப் பக்கங்கக்கா?"

"நான் சுருதிப் பொட்டி பக்கம்மா. நீ எந்தப் பக்கம் வேணுன்னாலும் போ. அஞ்சு கட்டையில போ, போதும்" என்றார்.

அஞ்சு கட்டைதான் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக அவர் கண்டுபிடித்து வைத்திருந்த சுருதி. கட்டைக் குரல்காரி கொஞ்சம் ஏறி வரவேண்டும், கீச்சுக் குரல்காரி கொஞ்சம் இறங்கி வரவேண்டும்.

கோஷ்டி பிறந்தது மாதர் சங்கத்தில். தையலும் ஊறுகாயும் அலுத்துப்போய் நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கீர்த்தனை பாடலாம் என்று அவர்தான் சொன்னார். யாருக்கு இங்கே குரல் இருக்கிறது என்று சிரித்தோம். "ஒத்தைக் குரலாப் பாடினா நம்மள்ல ஒருத்தர் பாட்டையும் யாரும் நின்னு கேக்கமாட்டாங்க. எல்லாரும் ஒரே குரலாப் பாடினாக் கேப்பாங்க" என்றார். கச்சேரி என்றால் ஒருவர் பாடுவது, கும்பலாகப் பாடினால் அதற்குப் பெயர் பஜனை என்று ஊரில் பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் "ஆகலி, ஆகலி" என்றார். ஆகட்டும் என்பதற்குக் கன்னடம். அதைச் சொல்லிவிட்டால் அவர் நினைத்ததைத்தான் செய்யப்போகிறார் என்று அர்த்தம்.

துணிக்கடை பாய் தன் கடை மாடியை வாரத்தில் இரண்டு சாயங்காலம் விட்டுக்கொடுத்தார். "நீங்க மேல தாளம் போட்டா கீழ என் கத்திரி அதுக்குத் தக்கன வெட்டுதும்மா. கெஜம் தப்பிடுது" என்று குறைப்பட்டுக்கொள்வார். ஆனாலும் நாங்கள் மாடிப்படி ஏறினால் ரேடியோவை அணைத்துவிடுவார். சானமாவுப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். யானை இறங்குகிற நேரத்துக்குள் அவர்கள் காட்டுப் பாதையைத் தாண்டவேண்டும் என்பதால் பொழுதோடு முடித்துவிடுவோம்.

அங்கே அவர் வைத்திருந்த சட்டங்களைக் கேட்டால் பாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் வயிறு மடங்கி மூச்சு பாதிதான் வருமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றுதான் பாடவேண்டும். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் ஒருத்தி விட்டு ஒருத்தி. நான் மூச்சு வாங்கும் இடத்தில் என் இரண்டு பக்கத்தாரும் பாடிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் வாங்கும்போது நான். ஒரு வரியை மெருகேற்றி மெருகேற்றிப் பாடுகிற ஒவ்வொரு சங்கதியும் எல்லோருக்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக வரும்வரை அடுத்ததுக்குப் போகமுடியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. பாட்டை எடுத்துக் கொடுப்பது அவர். அவர் தப்பாக எடுத்தாலும் எல்லோரும் அந்தத் தப்பிலேயே சேர்ந்து வரவேண்டும். "தப்பா இருந்தாலும் சேர்ந்து தப்பு. ஒருத்தி மட்டும் சரியாப் பாடினா, அதுதான் அபஸ்வரம்" என்பார்.

ஏன் வாயால் திருத்தமாட்டேன் என்கிறீர்கள் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "வாயில சொன்னா மனசுல தங்கிரும். பக்கத்துல நின்னா காதுல தங்கும்" என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் மனசில் தங்காது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

ரைஸ்மில் அம்மாவின் மனசில் தங்கியது. எங்களில் வசதியானவர் அவர்தான். சானமாவுப் பெண்களை ஏற்றி வருவதே அவர் வீட்டு வில்வண்டி. குரலும் வெண்கலக் குரல். அது சுருதியோடு சேராத நாளில் மாடி ஓடு அதிரும். ஒருநாள் அக்கா போய் அவர் பக்கத்தில் நின்றார். ஒரு கீர்த்தனை முழுக்க நின்றார். அடுத்த தடவை ரைஸ்மில் அம்மா வரவில்லை, வண்டியும் வரவில்லை, வண்டியில் வருகிறவர்களும் வரவில்லை. யாருடைய வீட்டுக்கும் போகாத அக்கா அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் போய், ரைஸ்மில் அம்மா துளசிமாடத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று அதே கீர்த்தனையை அதே சுருதியில் பாடிவிட்டு வந்தாராம்! ரைஸ்மில் அம்மா திரும்பி வந்தார். ஆனால் வந்த நாளிலிருந்து, அக்கா எப்போது சறுக்குவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கோஷ்டியைத் தானே நடத்தலாம் என்கிற எண்ணமும் அவருக்கு இருந்தது.

இனி என் கதை. நான் பிறந்த ஊர் கல்லாவி. சேலத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தபோது நாலைந்து வருஷம் பாட்டுப் படித்தேன். கல்யாணமாகி ஓசூர் வந்ததும் அது மூட்டை கட்டி வைத்த மாதிரி ஆயிற்று. கோஷ்டி என்று கேள்விப்பட்டு, போகட்டுமா என்று பயந்து பயந்து மாமியாரிடம் கேட்டேன். அவர் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாடத் தெரியும்னா போ. ஆனா ஒண்ணு. ஊரு சிரிச்சுதுன்னா அன்னியோட நின்னுரணும். நம்மூட்டுப் பொம்பளைய நாலு பேரு நக்கல் பண்றத நான் கேட்டுக்கிட்டு இருக்கமாட்டேன்."

அந்த நிபந்தனையோடுதான் போனேன். வீட்டில் நான் மருமகள், மனைவி, பிள்ளைக்குத் தாய். பாய் கடை மாடியில் மட்டும்தான் நான் ஒரு குரல். அந்த இரண்டு சாயங்காலங்களை நினைத்துக்கொண்டே மீதி ஐந்து நாளும் பாத்திரம் தேய்ப்பேன். அதனால் அந்தச் சேலைச் சரசரப்பு மற்றவர்களைவிட எனக்குக் கூடுதல் கிலி. நல்லவேளையாக முதல் வருஷம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அதுவும் எனக்குச் சளி பிடித்திருந்த நாள்.

பிறகு அவருக்கு விஷஜுரம் வந்தது. பிழைப்பாரா மாட்டாரா என்று கம்பவுண்டர் கோயில் கோயிலாக நடந்தார். எழுந்து வந்தபோது தலைமுடி பாதி கொட்டியிருந்தது. முன்பு வரிசையின் நடுவில் நின்றவர், இப்போது இடது கோடியில் போய் நின்றுகொண்டார். சுருதிப்பெட்டியைத் தனக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கச் சொன்னார். நாங்கள் பேசினால் கோழி பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார். ஜுரம் வந்து போனவர், பலவீனம் என்று விட்டுவிட்டோம்.

வந்த முதல் நாளே அந்தச் சரசரப்பு நேராக என்னிடம் வந்தது.

பக்கத்தில் நின்றார். பல்லவி முடிந்தது, அனுபல்லவி முடிந்தது, போகவில்லை. சரணம் முடிகிற வரைக்கும் நின்றார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மற்ற யார் பக்கத்திலும் போகவில்லை. ரைஸ்மில் அம்மா சுருதியை விட்டுத் தாராளமாக விலகினார். அக்கா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. ஜுரத்துக்குப் பிறகு அக்காவின் காது இன்னும் கூர்மையாகிவிட்டது, மற்றவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு கோணல் என் குரலில் இருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மாடிப்படி இறங்கும்போது என்னிடம் கனிவாகப் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் கனிவைப்போலக் கொடுமை வேறு கிடையாது.

வீட்டில் நான் தூங்கவில்லை. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து சைக்கிள் பெல்லைக் கொண்டுவந்து அடித்து, "இதுக்குச் சேருதா பாரு புள்ள" என்றார். சேர்ந்தது. "சேருதே! அப்பறம் என்னாத்துக்குக் கோட்டம்?" என்றார். சைக்கிள் பெல் சொல்வதை நம்புவதா, அக்கா சொல்வதை நம்புவதா? அத்தை காதில் விழப்போகிறது என்று அவர் வாயைப் பொத்தினேன்.

பயந்தவள் என்ன செய்வாள்? குரலைக் குறைத்தேன். அக்கா பக்கத்தில் வந்தால் இன்னும் குறைத்தேன். நான் குறைக்கக் குறைக்க அவர் நெருங்கி நின்றார். தோளோடு தோள் உரசும். கடைசியில் உதடு மட்டும் அசைகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அவரோ என் வாயையே திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தவிப்பு மாதிரி என்னவோ இருந்தது. அதையும் என் தலையெழுத்து என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு நவராத்திரி விழாவில் பாட எங்களுக்கு இடம் கிடைத்தது. ஏற்பாடு செய்தவர் ரைஸ்மில் அம்மா. வெளியூர் மேடை, முன்வரிசையில் பாட்டுத் தெரிந்தவர்கள் உட்காருவார்கள். அங்கே எல்லோர் முன்னாலும் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றால் என் கதி என்ன என்று நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களாகத் தள்ளுவதற்கு முன்னால் நாமாகக் கழன்றுகொள்வது மரியாதை என்று தோன்றியது. மாடியில் தனியாக அவர் சுருதிப்பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அக்கா, கிருஷ்ணகிரிக்கு நான் வரலைங்க."

அவர் தலையைச் சாய்த்து என் உதட்டைப் பார்த்தார். மறுபடி சொன்னேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"நீ வரலன்னா நானும் போகல" என்றார். "கோஷ்டியே போகல."

எனக்காக ஒரு கோஷ்டியின் மேடையே போவதா? பெருந்தன்மை என்று நினைத்து மனசு உருகியது. பயம் அதைவிட இரண்டு பங்கு ஏறியது.

போனோம். சூளகிரி, குருபரப்பள்ளி என்று பஸ் நின்று நின்று போயிற்று. மற்றவர்கள் பொரிகடலை வாங்கித் தின்றார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சங்கதிகளை மனசுக்குள் ஓட்டினேன். முன் சீட்டில் அக்காவும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பந்தலில் நல்ல கூட்டம். மைக்செட்காரர் தன் வசதிக்குச் சுருதிப்பெட்டியைத் தூக்கிப்போய் மேடையின் இடது கோடிக்கும் அப்பால், தூணோரமாக வைத்துவிட்டார். தலைக்கு மேலே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரவென்று கத்தியது. எங்களுக்கே சுருதி மங்கலாகத்தான் கேட்டது. முதல் இரண்டு பாட்டும் எப்படியோ ஒப்பேறின. மூன்றாவது, நாங்கள் மாசக்கணக்கில் பாடுபட்ட பெரிய கீர்த்தனை, கல்யாணி ராகம். அக்கா எடுத்தார்.

எடுத்த சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சுருதி ஓரிடம், அக்கா ஓரிடம். அரைக்கட்டை இருக்கும், மேலே போய்விட்டார். சட்டப்படி எல்லோரும் அவர் எடுத்த இடத்திலேயே சேர்ந்தோம். சேர்ந்து தப்பு. சுருதிப்பெட்டி பாவம் தன் பாட்டுக்குத் தனியாக ஓலமிட்டுக்கொண்டிருந்தது. பெட்டியை அமுக்கிக்கொண்டிருந்த பெண் அழுகிற முகத்தோடு அக்காவைப் பார்த்தாள். முன்வரிசையில் அதுவரை தாளம் போட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். இன்னும் கொஞ்சத்தில் அனுபல்லவி வரும், குரல் மேல் ஸட்ஜமத்தைத் தொடவேண்டும். இந்த உயரத்திலிருந்து ஏறினால் பாதிப் பேர் குரல் கிழியும். எங்கோ பிசகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிகிறது, அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை. அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திகிலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு அந்தச் சரசரப்பு கிளம்பியது. அத்தனை பேர் பார்க்க, மேடையில், வரிசைக்குப் பின்னால் நடந்து என்னிடம் வந்தது.

என் இடது பக்கத்தில் இடித்துக்கொண்டு வந்து நின்றார். என் மணிக்கட்டைப் பிடித்தார். திருத்தும்போது ஒரு வார்த்தையும் பேசாதவர், என் காதருகே குனிந்து பேசினார்.

"எனக்குக் கேக்கல. நீ பாடும்மா."

இடது பக்கம். எப்போதும் இடது பக்கம். மற்றவர்களுக்குப் பக்கத்தில் அவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நின்றிருக்கிறார். ஜுரத்துக்குப் பிறகு என்னிடம் வந்த ஒவ்வொரு தடவையும் இடது பக்கத்தில் நின்று, தன் வலது காதை என் வாயோரம் வைத்திருந்தார். வரிசையின் இடது கோடி, சாய்த்த தலை, உதட்டைப் பார்த்த பார்வை எல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கியது. அவர் எனக்குச் சுருதி கொடுக்க வரவில்லை. என்னிடம் வாங்கிக்கொள்ள வந்திருந்தார். நானோ பயந்துபோய் வாரக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சட்டம் சட்டம்தான். ஒருத்தி மட்டும் சரியாகப் பாடினால் அதுதான் அபஸ்வரம். ஆனால் சட்டம் போட்டவரே பாடு என்கிறார். தொண்டையைத் திறந்து, தூணோரத்துப் பெட்டியை மட்டும் நினைத்துக்கொண்டு, பல்லவியைச் சுருதியில் இறக்கிப் பாடினேன். ஒரு கணம் நான் ஒருத்தி ஒரு பக்கம், மொத்தக் கோஷ்டி ஒரு பக்கம். கேட்கச் சகிக்கவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டார். என் குரலைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தன் குரலை அதில் மெல்லக் கொண்டுவந்து வைத்தார். பல்லவியை விதவிதமான சங்கதிகளோடு திரும்பத் திரும்பப் பாடுகிற வழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. அடுத்த சங்கதியில் பாதிப் பேர் இறங்கி வந்தார்கள், அதற்கடுத்ததில் எல்லோரும். அக்கா இடம் மாறியதில் மூச்சு வரிசை குழம்பியிருந்தது. ஓட்டை விழாமலிருக்க நான் என் முறை வந்த இரண்டு இடத்திலும் மூச்சு வாங்காமல் இழுத்தேன். கண் இருட்டியது. அனுபல்லவி சுகமாக மேலே போய் நின்றது. முன்வரிசைக் கைகள் மறுபடி தாளம் போட்டன.

பார்த்தவர்களுக்கு நடந்தது வேறு. ஸ்பீக்கர் இரைச்சலில் முதலில் விலகிய குரல் யாருடையது என்று யாருக்கும் நிச்சயமில்லை, அக்காவின் காதைச் சந்தேகிக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அக்கா போய் நின்றது யார் பக்கத்தில்? அப்படியானால் கெடுத்தது யார்? திரும்பி வரும் பஸ்ஸில் ரைஸ்மில் அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"இத்தன நாளு கோட்டம் எடுத்தும் நேராகலையே. வெளியூருல மானம் போச்சு" என்றார்.

நான் முன் சீட்டைப் பார்த்தேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், இடது காது எங்கள் பக்கம். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

அடுத்த சாயங்காலம் மாடியில் அவர் தன் இடத்துக்குப் போகாமல் எங்களுக்கு எதிரே வந்து நின்றார். சேலைத் தலைப்பைப் பிசைந்தார். "நான் ஒண்ணு சொல்லணும். கிருஷ்ணகிரியில..." என்று ஆரம்பித்தார். ரைஸ்மில் அம்மா நிமிர்ந்து நின்றார். எனக்குத் தியாக புத்தியெல்லாம் கிடையாது. அக்கா போனால் கோஷ்டி ரைஸ்மில் அம்மாவின் கைக்குப் போகும். அங்கே மூன்று மாசம் தாங்காது. என் இரண்டு சாயங்காலமும் போகும். அதோடு, காது போன பிறகும் எங்களைவிட்டுப் போகமுடியாமல் வாரம் தவறாமல் என் தோளில் ஒட்டி நின்ற அந்தப் பெண்மணியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"கிருஷ்ணகிரியில நான்தாங்க்கா விட்டுட்டேன்" என்றேன் குரலை உயர்த்தி, அவருடைய வலது பக்கமாகப் போய் நின்று. "எனக்குக் கோட்டம் அவ்வளவு லேசுல போகாது. நீங்க இனிமே அந்தக் கோடிக்குப் போகாதீங்க. என் பக்கத்துலயே நில்லுங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. பிசைந்துகொண்டிருந்த தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு "ஆகலி" என்றார்.

பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்தேன். நிபந்தனையை மறந்துவிட்டேன். ரைஸ்மில் அம்மா மறக்கவிடவில்லை. சந்தையில் என் மாமியாரைப் பார்த்துப் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். மாமியார் வந்து காய்ப்பையை இறக்கி வைத்தார்.

"நீயே ஒத்துக்கிட்டியாமே, எல்லாருக்கும் முன்னால?"

"ஆமாங்கத்தை."

"ஊரு சிரிச்சாச்சு. போதும், நின்னுக்க."

உண்மையைச் சொன்னால் அது சந்தைக்குப் போகும். வீட்டுக்காரர் அம்மாவுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அந்த வாரம் நான் போகவில்லை. சாயங்காலம் ஆனதும் கை கால் ஓடாது. நானில்லாமல் அக்கா எங்கே நிற்பார், யாரிடம் வாங்கிக்கொள்வார், இந்நேரம் எங்கே எடுத்து எங்கே விட்டிருப்பார் என்று அடுப்பங்கரையில் நின்று அல்லாடுவேன்.

இரண்டாவது வாரம், கோஷ்டி கூடுகிற நேரத்துக்கு அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. மாமியார் முற்றத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில், இடது பக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"உங்க மருமக தப்பாப் பாடலைங்க. தப்பாப் பாடினது நான். எனக்கு இந்தக் காது செத்துப்போச்சு. இந்தக் காதும் பாதிதான். உங்க மருமக குரலு ஒண்ணு மட்டும்தான் எனக்குச் சுத்தமாக் கேக்குது. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் பாடுறேன்." தரையில் சிதறியிருந்த கேழ்வரகை விரலால் கூட்டினார். "இது வெளிய தெரிஞ்சா எனக்குப் பாட்டு இல்லைங்க. தெரிஞ்சாலும் பரவாயில்லை. அந்தப் பொண்ணு பேரு கெடவேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

மாமியாரின் முறம் நின்றது. நான் கதவோரம் நின்றிருந்தேன். இது நாளைக்கே சந்தைக்குப் போகும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாமியார் அவருடைய இடது காதைப் பார்த்தார், வலது காதைப் பார்த்தார். பிறகு வலது காதுக்குக் கிட்டே குனிந்து, "காப்பித்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

அந்த ரகசியம் எங்கள் மூன்று பேரைத் தாண்டவில்லை. கோஷ்டி இருந்தவரைக்கும் அக்கா என் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. ஓசூரில் எங்கள் பாட்டைக் கேட்டவர்களுக்கு நான்தான் கடைசிவரை கோட்டம் எடுத்தும் நேராகாத சக்கரம். என் பயமும் போகவில்லை, இடம் மாறியது. ஒரு தும்மல் வந்தால் போதும், என் தொண்டை கட்டிக்கொண்டால் இரண்டு குரல் போகுமே என்று மிளகுக் கஷாயத்தோடு திரிவேன். ஊர் என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் மாமியார் சந்தையில் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் காய் வாங்கி வந்தார். ஊர் சிரித்தால் பொறுக்காதவர், எங்கள் இருவருக்காக அத்தனை வருஷம் பொறுத்தார்.

கோஷ்டி நாளில் நான் அடுப்படியில் கொஞ்சம் அசந்து நின்றால் போதும், முற்றத்திலிருந்து அவர் குரல் வரும்.

"அந்தம்மாவோட காது இன்னும் அடுப்படியிலயே நிக்குதே. கெளம்பு, கெளம்பு, நேரமாச்சு!"

நான் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடுவேன்.